ஒரு மணி நேரத்தில் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேர்

முர்த்தினியின் வேலை எண்ணுவது. சாலையோரத்தில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளையோ கடக்கிற மனிதர்களையோ எண்ணுவாள். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கருவி ஒன்று வைத்திருப்பாள். கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதில் இருக்கும் எண்ணைக் காகிதத்தில் எழுதிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். சாலை அலுவலகம் கூப்பிடும்போது போவாள். மாதத்தில் எட்டு நாள், சில மாதம் பத்து. இதைப் பதினெட்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் கெடுங்சாரி சந்தில் தொண்ணூறு வீடுகள். யார் வீட்டு விசேஷம் என்றாலும் முடிந்தபிறகு முர்த்தினியிடம் கேட்பார்கள்.

"எத்தனை பேர் வந்தாங்கக்கா?"

"முந்நூத்தி நாப்பத்தொண்ணு. அதுல ரெண்டு பேரு ரெண்டாவது பந்தியிலயும் உக்காந்தாங்க. யாருன்னு கேக்காத."

யாரென்று எல்லோருக்கும் தெரியும். சிரிப்பார்கள். ஆனால் அவள் சொன்ன எண்ணை யாரும் சந்தேகித்ததில்லை. மற்ற எண்ணுகிறவர்கள் மழை வந்தால் கடைக்குள் ஒதுங்கிக்கொண்டு, முந்தைய கால்மணி நேரத்து எண்ணையே கொஞ்சம் மாற்றி எழுதிவிடுவார்கள். அவள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் கணவர் ஜுமாரி இருபத்தாறு வருடம் சிற்றுந்து ஓட்டியவர். எங்கள் சந்து முடிகிற இடத்தில் ஓடும் பெரிய சாலையில்தான் ஓட்டினார். அப்போது அது நான்கு தடம். இப்போது ஆறு. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள், பெட்டி ஏற்றிய இழுவை வண்டிகள், அவற்றுக்கு நடுவில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தடுப்பு. சந்துக்கு நேரே அதில் ஒரு இடைவெளி இருந்தது. யார் எப்போது உடைத்தார்கள் என்று தெரியாது. ஓர் ஆள் நிற்கிற அகலம்.

சாலைக்கு அந்தப் பக்கம், எங்கள் சந்துக்கு நேர் எதிரில், சுகாதார நிலையம். பச்சைச் சுவர், பச்சைக் கதவு. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வாசலில் செருப்புகள் எத்தனை ஜோடி கிடக்கின்றன என்பதுகூடத் தெரியும்.

ஐம்பத்தெட்டாவது வயதில் ஜுமாரிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு மட்டும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. "போக வேண்டியது போகல" என்றாள் முர்த்தினி. அவர் வாய் அப்படி.

செவ்வாயும் வெள்ளியும் அவருக்குக் கால் பயிற்சி. சைக்கிள் ரிக்‌ஷாவில் போகலாம். ஆனால் ரிக்‌ஷா திரும்புகிற இடம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. போய்த் திரும்பி வந்தால் முக்கால் மணி நேரம். அதைவிட, ஜுமாரிக்கு ரிக்‌ஷாவில் ஏற்றப்படுவது பிடிக்கவில்லை.

"மூட்டையா நான்? கால் பயிற்சிக்குக் காலாலதான் போகணும்."

ஆகவே கடந்தார்கள். அதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் பாதியில் வண்டிகள் வலப்பக்கத்திலிருந்து வரும். முர்த்தினி அவருக்கு வலப்பக்கம் நிற்பாள். கையை நீட்டி, உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி, ஏதோ ஒன்றைத் தட்டி அடக்குவதுபோல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடப்பாள். நடுத் தடுப்பின் இடைவெளிக்கு வந்ததும் அவரை நிற்க வைப்பாள். அவர் மூச்சு வாங்குவார். அங்கே அவள் இடப்பக்கம் மாறிக்கொள்வாள், மறு பாதியில் வண்டிகள் அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதால். மொத்தம் இரண்டு நிமிடம், சில நாள் மூன்று. லாரிக்காரர்கள் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமல் அடிப்பார்கள். தலையை வெளியே நீட்டிக் கத்துவார்கள்.

"சாகறதுன்னா வீட்ல சாகுய்யா!"

ஜுமாரிக்குச் சிரிப்பு வரும்.

"நான் சொன்னதுதாண்டி. ஒரு வார்த்தை மாறல. இருபத்தாறு வருஷம் சொல்லிக்கிட்டே ஓட்டினேன். எவனுக்கும் நிறுத்தினதில்ல."

"வாய மூடிட்டு நடங்க மாஸ்."

கணவனை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள், எங்கள் ஊரில் எல்லா மனைவிகளையும் போல. மற்ற ஆண்களைப் பாக் என்போம், பெண்களை இபு; ஐயா, அம்மா என்பதுபோல.

மூன்று வருடத்தில் அந்த இடத்தில் நான்கு பேர் இறந்தார்கள். கடைசியாக, மரவள்ளி வறுவல் விற்கிற ஒரு பெண். நடந்து கடக்க ஒரு கடவை வேண்டும் என்று சந்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். அலுவலகம் ஓர் ஆளை எண்ண அனுப்பியது. முர்த்தினியை அன்று வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வந்தவன் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. உச்ச நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கடப்பவர்கள் பதினொரு பேர். கடவை அமைக்கத் தேவை ஏற்படவில்லை.

அந்தக் காகிதத்தைச் சந்துத் தலைவர் பாக் சொலிகின் தொழுகைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். படித்தவர்கள் கோபப்பட்டார்கள். முர்த்தினி கோபப்படவில்லை.

"எண்ணிக்கை சரிதான்" என்றாள். "பயந்துக்கிட்டுக் கடக்காதவங்கள எந்தக் கட்டத்துல எழுதறது?"

அடுத்த வருடம் சாலையை மாற்றி அமைக்கப் போவதாகச் செய்தி வந்தது. வரைபடம் போடுகிற பொறியாளர் ஒருத்தி வந்தாள். இபு பிரமெஸ்தி. முப்பது வயதுகூட இருக்காது. வெயிலில் தொப்பி இல்லாமல் நின்றாள். அன்று செவ்வாய்க்கிழமை. ஜுமாரியும் முர்த்தினியும் கடந்துகொண்டிருந்தார்கள். அவள் கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தாள். பிறகு அவர்கள் திரும்பி வரும்வரை எங்கள் பக்கத்தில் காத்திருந்தாள். மூன்று மணி நேரம்.

சந்து முனையில், இலையில் சுற்றி வேகவைத்த சோற்றுக் கட்டி விற்கிற சுலஸ்த்ரியின் கடையில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். ஆறு தடம் நான்காகும். மிச்ச இடம் நடைபாதை. சந்துக்கு நேரே சாலை ஒரு சாண் உயரம் மேடாகும், நடைபாதையின் மட்டத்துக்கு. லாரி ஏறி இறங்கித்தான் போக வேண்டும், வேகமாகப் போக முடியாது. நடுவில் பத்துப் பேர் நிற்கிற திட்டு. விளக்கு.

"இவரு பாதி தூரம் கடக்க அம்பது வினாடி ஆகுது" என்றாள். "அறுபது வினாடி வண்டிய நிறுத்தற மாதிரி விளக்கு வைக்கணும். இவர அளவா வச்சுதான் போட்டிருக்கேன்."

ஜுமாரி வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

அவள் நடுத்திட்டில் விரலை வைத்தாள். "இங்க நிக்கறீங்க பாக்."

"அங்கயே நிக்க வேண்டியதுதானா? அந்தப் பக்கம் போக மாட்டனா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரமெஸ்தியும் சிரித்தாள். பிறகு, "எண்ணிக்கை வேணும். பதினொண்ணு போதாது. மறுபடி எண்ண அனுப்புவாங்க. அதுல வந்துருச்சுன்னா நான் பாத்துக்கறேன்" என்றாள்.

எத்தனை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எண்ணின பிறகு அந்த எண் எங்கே போகிறது, எதோடு பெருக்கப்படுகிறது என்று பதினெட்டு வருடத்தில் முர்த்தினிக்கும் யாரும் சொன்னதில்லை. அலுவலக வாசலில் கொடுத்துவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

எண்ணுகிறவர்களின் பட்டியல் வந்தபோது எங்கள் இடம் வேறொருவனுக்கு விழுந்திருந்தது. முர்த்தினி தன் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டாள். அப்படி அவள் கேட்டு வாங்கியது அது ஒரு தடவைதான். எந்த நாள் என்பதை சுலஸ்த்ரியிடம் மட்டும் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. நெஜமா கடக்கறவங்க அன்னிக்கு மறக்காம கடந்தாப் போதும்."

"எனக்கு வாய் இருக்கறதே சோத்துக் கட்டி திங்கத்தான்" என்றாள் சுலஸ்த்ரி.

மறுநாள் சாயங்காலத் தொழுகைக்குப் பிறகு பாக் சொலிகின் ஒலிபெருக்கியில் பேசினார். எங்கள் சந்தில் சாக்கடை அடைத்துக்கொண்டால், கொசுப் பெருகினால், சுதந்திர தினத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்றால், எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும். வராதவர்கள் வீட்டு வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதே குரலில் சொன்னார்:

"வர்ற செவ்வாய்க்கிழமை காலையில ஆறரை மணிக்குக் கூட்டு வேலை. மண்வெட்டி வேணாம். தொடப்பம் வேணாம். காலு மட்டும் கொண்டு வாங்க. வேலை என்னன்னா ரோட்டத் தாண்டறது. தாண்டிட்டுத் திரும்பித் தாண்டறது. முடியறவரைக்கும் தாண்டறது."

முர்த்தினி அவர் வீட்டுக்கு ஓடினாள்.

"பாக், இப்படிச் செய்யக் கூடாது."

"ஏன், யாராவது பொய் சொல்றமா? தாண்டாமயே தாண்டினோம்னு எழுதச் சொன்னனா? தாண்டுவோம். நீ எண்ணு."

கடக்கிற கால் ஒவ்வொன்றையும் எண்ணுவது அவள் வேலை. யாருடைய கால், ஏன் கடக்கிறது என்று கேட்பது இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் மறக்க மாட்டேன். இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தோம். கைக்குழந்தையோடு வந்தவர்கள், வேலைக்குப் போகிற சட்டையோடு வந்தவர்கள். சோற்றுக் கட்டிக் கடையை யாரிடமோ விட்டுவிட்டு சுலஸ்த்ரி கரண்டியோடு வந்தாள். முதல் தடவை எல்லோருக்கும் பயம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம். வண்டிகள் கத்தின. இரண்டாவது தடவை கொஞ்சம் குறைவாகக் கத்தின. நான்காவது தடவையில் லாரிகள் நின்றுவிட்டன. நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்தப் பக்கம் ஒரு கூட்டம் முடிவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம்.

"இபு, நீங்க இதோட எத்தனாவது?"

"ஏழு. நீ?"

"அஞ்சுதான். நடுவுல ஒண்ணுக்குப் போயிட்டேன்."

"அத எங்கயாவது எழுதிக்கச் சொல்லு முர்த்தினியை."

லாரிக்காரன் ஒருவன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தோம். சுலஸ்த்ரியிடம் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டான்.

ஜுமாரி அன்று தனியாகக் கடந்தார். முர்த்தினி முக்காலியில் உட்கார்ந்திருந்ததால் கைப்பிடிக்க ஆளில்லை. தேவையும் இல்லை. கூட்டத்தின் நடுவில், தடியை ஊன்றி, யாரும் இடிக்காமல், அவர் பாட்டுக்குப் போனார். இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் உட்கார்ந்தார். மறுபடி போனார். நான்கு தடவை. நடுவில் நின்று லாரிகளைப் பார்த்து, தடியைத் தடுப்பில் சாய்த்துவிட்டு, இடது கையை நீட்டித் தட்டி அடக்கினார். அவை ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தன.

அந்த ஒரு மணி நேரம் அந்தச் சாலையில் பேச்சுச் சத்தம் கேட்டது.

முர்த்தினி அழுத்திக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு. காகிதத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். மழை, ஊர்வலம், விபத்து, ஏதாவது இருந்தால் எழுத வேண்டும். அதன்மேல் பேனாவை வைத்தாள். எடுத்துவிட்டாள். வெற்றாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாவது மாதம் குழி தோண்ட வந்தார்கள். விளக்குக் கம்பத்துக்கு இவ்வளவு ஆழமா என்று பாக் சொலிகின் எட்டிப் பார்த்துக் கேட்டார். தோண்டுகிறவன் சொன்னான், "வெளக்கா? பாலம்ங்க. இரும்புப் பாலம். மேல ஏறிப் போறது."

எங்களில் பாதிப் பேருக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. கேட்டது கடவை, கிடைத்தது பாலம். பெரியதாகக் கிடைத்திருக்கிறது என்று பாக் சொலிகின் எல்லோரிடமும் சொன்னார்.

பிரமெஸ்தி இரண்டு நாள் கழித்து வந்தாள். நேரே முர்த்தினியின் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், தைக்கக் கொடுத்திருந்த துணியை வாங்கப் போயிருந்தேன். அவள் உட்காரவில்லை.

"இந்த எடத்துல யாரு எண்ணினாங்க இபு?"

"நான்தான்."

"ஆயிரத்து முந்நூறா?"

"முந்நூத்திப் பதினாறு. தப்பில்ல. ஒவ்வொண்ணும் கடந்த காலு."

பிரமெஸ்தி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆயிரத்து நூறைத் தாண்டிட்டா அவங்க கையேட்டுல ஒரே பதில்தான். இவ்வளவு ஜனம், இவ்வளவு வண்டி, ரெண்டையும் ஒரே தரையில விடக் கூடாது, மேல ஏத்துன்னு இருக்கு. என் வரைபடத்த மேசையிலயே மடிச்சு வச்சிட்டாங்க. தடத்தக் கொறைக்கறதும் போச்சு, மேடும் போச்சு. ஜனந்தான் மேல போகுதே, கீழ வண்டி ஏன் மெதுவாப் போகணும்னு கேட்டாங்க."

முர்த்தினி மெதுவாகக் கேட்டாள், "எவ்வளவு வந்திருக்கணும்?"

"நானூறு வந்திருந்தாப் போதும்."

"நானூறு."

"முந்நூறே போதும். குறிப்புல ஏதாவது எழுதியிருக்கலாமே இபு. ஒரே ஆளுங்க திரும்பித் திரும்பிப் போனாங்கன்னு ஒரு வரி."

ஜுமாரி உள்ளறையில் படுத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் முர்த்தினி அலுவலகத்துக்குப் போனாள். பதினெட்டு வருடத்தில் வாசலைத் தாண்டி உள்ளே போனது அன்றுதான். மேசையில் இருந்தவரிடம் தான் எண்ணியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். இருநூறு பேர்தான், அவர்களே சுற்றிச் சுற்றி வந்தார்கள் என்றாள்.

அவர் காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"அழகா இருக்கே இபு. ஒரு அடித்தல் இல்ல. இப்படி யாரும் எழுதறதில்ல."

"ஆளுங்க ஒண்ணுதாங்க. கணக்குலதான் ஆயிரம்."

"வண்டியும் அப்படித்தானே? ஒரே லாரி துறைமுகத்துக்கு ஒரு நாளைக்குப் பத்து நட போகுது. பத்துன்னுதானே போடறீங்க? ஒண்ணுன்னா போடறீங்க?"

"பத்துன்னுதான்."

"அப்ப மனுஷனுக்கு மட்டும் ஏன் வேற கணக்கு?"

வேலை ஏற்கெனவே ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

பாலம் நான்கு மாதத்தில் நின்றது. நீல வண்ணம். ஒரு பக்கத்துக்கு ஐம்பத்திரண்டு படி. திறந்த அன்று பலகாரம் கொடுத்தார்கள். அன்றே நடுத் தடுப்பின் இடைவெளியைச் சிமெண்டு வைத்து அடைத்து, அதன்மேல் ஆள் உயரத்துக்கு இரும்பு வேலி போட்டார்கள். எங்கள் சந்திலிருந்து இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை வேலி.

சாலையில் இப்போது யாரும் குறுக்கே வருவதில்லை என்று லாரிக்காரர்களுக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. ஜுமாரிக்குச் சத்தத்திலேயே தெரிந்தது.

"முன்ன நம்ம சந்துகிட்ட வரும்போது ஒருத்தனாவது கியர் மாத்துவான். இப்ப அப்படியே போறான்."

அவர் பாலத்தில் ஏறினது ஒரு வெள்ளிக்கிழமை. முர்த்தினி வேண்டாம் என்றாள். ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தாள். அவர் ரிக்‌ஷாவைத் தாண்டிப் போனார். இடது கையால் கம்பியைப் பிடித்து, இடது காலை வைத்து, வலது காலை இழுத்து மேலே போட்டு, ஒரு படி. முர்த்தினி பின்னால் ஏறினாள். விழுந்தால் தாங்கலாம் என்று. தாங்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் உடம்பு அப்படி.

பதினேழாவது படியில் உட்கார்ந்துவிட்டார். ஏறுகிறவர்கள் முதுகை வளைத்து, கையைத் தாழ்த்தி, வழி கேட்டு மன்னிப்புச் சொல்லி, அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் போனார்கள்.

"எறங்கிடலாம் மாஸ்."

"எறங்கறது இதவிடக் கஷ்டம்டி. கீழ பாரு."

அவள் பார்க்கவில்லை.

"மேலயும் முடியல, கீழயும் முடியல. பொறியாளரம்மா சொன்ன மாதிரி நடுவுலயே நிக்கறேன் பாரு" என்றார். அவள் சிரிக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாக் சொலிகினும் ரிக்‌ஷாக்காரரும் ஏறி அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவள் தண்ணீர் சுட வைத்து அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டாராம், "அன்னிக்கு என்ன எத்தனை தடவ எண்ணின?"

"நாலு."

"நாலும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"நல்லா நடந்தேன் இல்ல அன்னிக்கு?"

இதை முர்த்தினி என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து. சொல்லிவிட்டு, தேய்த்துக்கொண்டிருந்த காலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டதாகவும், தண்ணீர் ஆறும்வரை அடுக்களையில் நின்றதாகவும் சொன்னாள்.

சந்தில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் அதற்காகக் காத்திருந்ததுபோல எனக்குத் தோன்றும். கூட்டத்தில் ஒரு தடவை எழுந்து, பாலம் வந்தது தன்னால்தான், நானூறில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொன்னாள். சுலஸ்த்ரி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீ என்ன கடவுளா? நாங்க தாண்டினோம், நீ எண்ணின. வேணும்னா எங்களையும் சேத்துத் திட்டு."

"தாண்டச் சொன்னவன் நான்" என்றார் பாக் சொலிகின். பிறகு சாக்கடை விஷயத்தைப் பேசினோம்.

ஜுமாரி ஆறு வாரம் பயிற்சிக்குப் போகவில்லை. வலது பாதம் உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. ரிக்‌ஷா பேச்சை எடுத்தால் சோற்றைத் தள்ளிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை முர்த்தினி எண்ணும் வேலைக்குப் போயிருந்தாள், ஊரின் அந்தக் கோடியில். காலை ஆறு மணிக்கே அவர் கிளம்பிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சந்து முனையில் நான் பார்த்தேன். காற்று வாங்க உட்காருவார் என்று நினைத்தேன். அவர் பாலத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. சாலையோரமாக இடதுபுறம் திரும்பி நடந்தார். ஒன்றரைக் கிலோமீட்டர் போய், திரும்புகிற இடத்தில் வேலி முடிகிறது; அங்கே மறுபக்கம் போய், ஒன்றரைக் கிலோமீட்டர் திரும்பி வந்தால் சுகாதார நிலையம். கணக்கு சரிதான்.

ஓரத்தில் நடைபாதை கிடையாது. லாரிகளின் பக்கக் கண்ணாடி அவர் தோளுக்கு மேலே ஓர் அடியில் போயிருக்கும்.

பத்து மணிக்கு சுலஸ்த்ரிக்குச் சந்தேகம் வந்து முர்த்தினிக்குப் போன் செய்தாள். முர்த்தினி எண்ணிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். பதினெட்டு வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. காகிதத்தில் அந்தக் கால்மணி நேரம் வெறுமையாகப் போனது. அதன்பிறகு அலுவலகம் அவளைக் கூப்பிடவில்லை.

திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு செருப்பைக் காணவில்லை. தடியை மடியில் வைத்திருந்தார். மணி பதினொன்றரை. சுகாதார நிலையத்தில் பதினொரு மணியோடு பெயர் பதிவை மூடிவிடுவார்கள்.

"இன்னும் பாதிதான்" என்றார்.

"மூடிட்டாங்க மாஸ்."

"தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "பாதி வந்துட்டேன் பாரு" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே இருந்ததாக அங்கே இளநீர் விற்கிறவன் சொன்னான். பிறகு அவள் கை காட்டி ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தினாள். அவர் மறுக்கவில்லை. அவளும் ரிக்‌ஷாக்காரரும் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். அவர் தன்னை மூட்டைபோல விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வர ரிக்‌ஷாக்காரர் ஓரமாக எதிர்த் திசையிலேயே மிதித்து வந்தார். இங்கே எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். லாரிகள் நேர் எதிரில் வந்துகொண்டிருந்தன. ஜுமாரி ஒவ்வொரு லாரியின் கண்ணாடிக்குப் பின்னாலும் ஓட்டுகிறவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாராம். வீடு நெருங்கும்போது ஒரே ஒரு தடவை பேசினார்.

"ஒருத்தன் காலும் பிரேக்குக்குப் போகலடி."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவர் விழித்திருந்தும் எழுந்து உட்காரவில்லை. பயிற்சிக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் நீலச் சட்டையை முர்த்தினியும் எடுத்து வைக்கவில்லை.